உகாண்டா டைரி: ரெண்டு ஆம்பளைக்கு ஒரு ரூம் கிடையாது

பம்ப் செட் சர்வீஸ் வேலையா கம்பெனில என்னையும் ஜூனியர் தம்பி ஒருத்தனையும் உகாண்டா அனுப்பிச்சாங்க, 2024 மே கடைசில. அங்க இருந்தப்போ ராத்திரி ராத்திரி போன்ல தட்டி வச்சத கொஞ்சம் ஒழுங்கு பண்ணி நாள்வாரியா போடுறேன். சிங்கம், கொரில்லா எதுவும் பாக்கல, அதுக்கு வந்தவங்க இப்பவே எறங்கிக்கலாம்.

மே 30, வியாழன், எண்டெபே டு கம்பாலா

கத்திரி வெயில்ல வெந்துட்டு இருந்த கோயமுத்தூர்ல இருந்து கிளம்பி எண்டெபேல எறங்கினா ஏசி போட்ட மாதிரி காத்து. விக்டோரியா ஏரி ஓரமாவே ரன்வே. வெளிய வந்ததும் பொசுக்குனு ஒரு மழை, பத்து நிமிஷம் கொட்டிட்டு நின்னுடுச்சு, சிவப்பு மண்ணு ஷூவுல ஒட்டினது ஊருக்கு வந்தும் போகல.

கஸ்டமர் அனுப்பின டிரைவருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். இங்க பெரியவங்கள "செபோ"ன்னு கூப்பிடணுமாம், நம்ம ஐயா மாதிரி, அதனால நானும் கடைசி வரைக்கும் செபோன்னே கூப்பிட்டேன். மனுஷன் கை குடுத்தார், குடுத்த கைய விடவே இல்ல, பிரயாணம் எப்படி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, மழை உண்டா, ஆடு மாடு உண்டான்னு கேட்டு முடிக்கிற வரைக்கும் என் கை அவர் கைக்குள்ளதான். ஊர்ல எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான், ரோட்ல ஃப்ரெண்ட்ஸ் விரல் கோத்துட்டு நடக்குறாங்க, யாரும் திரும்பிக்கூட பாக்கல.

ரேடியோல பாஸ்டர் ஒருத்தர் தொண்டை கிழிய கத்திட்டே வந்தார். கடை போர்டு, வேன் கண்ணாடி, பைக் மட்கார்டு எங்க பாத்தாலும் இயேசு, இல்லன்னா அல்லாஹ். நாட்டோட குறிக்கோள் வாசகமே "கடவுளுக்காகவும் என் நாட்டுக்காகவும்". ரோட்டோரமா கூட்டம் கூட்டமா ஜனம் பாய், கேன் எல்லாம் தூக்கிட்டு நடந்து போச்சு, பழனி பாதயாத்திரையேதான். ஜூன் 3 தியாகிகள் தினம், 1886ல ராஜா எரிச்சுக் கொன்ன கிறிஸ்தவப் பசங்களோட நினைவு நாள், அது நடந்த நமுகோங்கோவுக்குப் போறாங்க, கென்யால இருந்தெல்லாம் நடந்தே வருவாங்கன்னார் செபோ.

ராத்திரி டின்னர்ல கஸ்டமர் ஆபீஸ் மேனேஜர் ஒரு அட்வைஸ் குடுத்தார். இவர் குஜராத்தி, மூணு தலைமுறையா அங்க. அவங்க தாத்தாவ 1972ல அப்போ ஆட்சில இருந்த இடி அமீன் தொண்ணூறு நாள் டைம் குடுத்து தொரத்திவிட்டான், அப்புறம் பிரசிடெண்ட் முசெவெனி கூப்பிட்டதும் திரும்பி வந்த குடும்பம். "விலைவாசி பேசுங்க, ட்ராஃபிக்க திட்டுங்க, ஃபுட்பால் பேசுங்க, அந்த கே சட்டம் மட்டும் வேண்டாம்"னார். ஓரினச்சேர்க்கைக்கு எதிரா 2023ல போட்ட சட்டத்த சொல்றார். நாங்க பேசற ஐடியாவுலயே இல்ல. சொன்னதுக்கு அப்புறம்தான் மண்டைக்குள்ள அதே ஓடுச்சு.

மே 31, வெள்ளி, கம்பாலா

பார்ட்ஸ் பெட்டி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, ஒரு நாள் சும்மா. செபோ ஊர் சுத்திக் காட்டினார்.

கம்பாலா குன்று ஊரு. ஒவ்வொரு குன்று மேலயும் ஒரு சாமி. நமிரெம்பேல ஆங்கிலிகன் கதீட்ரல், ருபாகால கத்தோலிக்க கதீட்ரல், கிபுலில மசூதி, ஓல்ட் கம்பாலால லிபியா கடாஃபி காசுல கட்டின பெரிய மசூதி. டிக்கெட் வாங்கி மினாரெட் ஏறினோம், முந்நூறு படி இருக்கும், தம்பி பாதிலயே உக்காந்துட்டான். மேல நின்னா ஊர் மொத்தமும் தெரியுது. அந்தக் குன்றுலதான் முதல்ல லூகார்டுங்கற வெள்ளக்கார கேப்டன் கோட்டை வச்சிருந்தான். 1892ல கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் இங்க துப்பாக்கி தூக்கி அடிச்சுக்கிட்டாங்க, லூகார்டு மெஷின்கன்னோட புராட்டஸ்டண்ட் பக்கம் நின்னான், ருபாகா சர்ச் எரிஞ்சுது. அதுக்கு முன்னாடி முஸ்லிம் அணி ஒண்ணு ராஜாவையே மாத்திச்சு. மூணு மதமும் அப்படி வெட்டிக்கிட்ட ஊரு.

இத எதுக்கு சொல்றேன்னா, ஹோட்டலுக்கு வந்து அந்த சட்டத்தப் பத்தி நெட்ல தோண்டி படிச்சதும் என்ன அசத்தினது இதுதான். 2009 மார்ச்ல ஸ்காட் லைவ்லின்னு ஒரு அமெரிக்க பாஸ்டர் கம்பாலா வந்து ஹோட்டல்ல மூணு நாள் செமினார் நடத்துறான், ஓரினச்சேர்க்கையாளர்கள் உங்க புள்ளைங்கள பிடிக்க வர்றாங்கன்னு. அதே வருஷம் அக்டோபர்ல டேவிட் பஹாட்டிங்கற எம்.பி தூக்கு தண்டனையோட ஒரு மசோதா கொண்டு வர்றார். இழுத்து இழுத்து 2014 பிப்ரவரில முசெவெனி கையெழுத்து போட்டார், ஆகஸ்ட்ல கோர்ட்டு, ஓட்டெடுப்பு அன்னிக்கு பார்லிமெண்ட்ல போதுமான ஆள் இல்லன்னு அத ரத்து பண்ணுச்சு. 2023ல திரும்ப கொண்டு வந்தவர் பசலிர்வா, முஸ்லிம் எம்.பி. மார்ச்ல சபை நிரம்பி வழிய ஓட்டு போட்டாங்க, எதிர்த்தது ரெண்டே பேரு. உறவு வச்சாலே ஆயுள் தண்டனை, சில வகைக்கு மரண தண்டனை, ஆதரிச்சு பிரச்சாரம் பண்ணா 20 வருஷம் வரைக்கும். ஆங்கிலிகன் ஆர்ச்பிஷப், முஃப்தி, பெந்தெகொஸ்தே பாஸ்டர்ங்க எல்லாரும் ஒரே மேடை. சண்டை போட்ட குன்றுங்க எல்லாம் சேந்தது இதுக்காகத்தானா.

பஞ்சாயத்து ரோட்டுக்கு இப்படி சேருவாங்களா? சேர மாட்டாங்க, ரோட்டுக்கு காசு வேணும்.

நைட் சாப்பாடு ரோலெக்ஸ். வாட்ச் இல்ல, சப்பாத்திக்குள்ள முட்டை ஆம்லெட்ட வச்சு சுருட்டித் தர்றது, 3000 ஷில்லிங், நம்ம காசுக்கு அறுபத்தஞ்சு எழுபது ரூபா. சப்பாத்தி நம்மாளுங்க ரயில் பாதை போட வந்த காலத்துல வந்தது, இப்போ அது உகாண்டா பாரம்பரிய உணவு.

ஜூன் 1, சனி, ஜிஞ்சா

பெட்டி கிடைச்சுது. ஜிஞ்சா எண்பது கிலோமீட்டர், மூணு மணி நேரம். முகோனோ தாண்டும்போது செபோ வலது பக்கம் கை காட்டினார், "இங்க உள்ள ஒரு கிராமத்துலதான் டேவிட் காட்டோவ பொதைச்சாங்க." நான் கேக்கவே இல்ல, அவரா ஆரம்பிச்சார். அவர் சொன்னதையும் அப்புறம் படிச்சதையும் சேத்து எழுதுறேன். 2010ல இங்க ஒரு லோக்கல் பத்திரிகை கே ஆளுங்கன்னு பேரு போட்டோவோட லிஸ்ட் போட்டு "தூக்குல போடு"ன்னு தலைப்பு வச்சுது. காட்டோ ஸ்கூல் வாத்தியார், அந்த லிஸ்ட்ல இருந்தவர், கேஸ் போட்டு 2011 ஜனவரி ஆரம்பத்துல ஜெயிச்சார், அதே மாசம் 26ம் தேதி வீட்ல வச்சு சுத்தியால அடிச்சுக் கொன்னுட்டாங்க. சாவு வீட்ல ஜெபம் பண்ண வந்த பாஸ்டர், பெட்டி முன்னாடி நின்னு செத்தவனையே திட்ட ஆரம்பிச்சுட்டார், ஜனங்க மைக்க பிடுங்கிட்டாங்க. கடைசில செனியோன்ஜோன்னு ஒரு வயசான பிஷப்தான், இவங்களுக்கு ஆதரவா பேசினதால ஆங்கிலிகன் சர்ச் ஒதுக்கி வச்ச ஆளு, அவர்தான் ஆசீர்வாதம் பண்ணி அடக்கம் பண்ணினார்.

"தப்பு பண்ணினவனா இருந்தாலும் பொணத்துக்கு மரியாதை இருக்குல்ல பாஸ்"னார் செபோ. அந்த வார்த்தைல அவர் எந்தப் பக்கம்னு எனக்குப் பிடிபடல.

நமவோஜோலோல வண்டிய நிறுத்தினதும் நம்பர் போட்ட கோட்டு மாட்டின இருபது பேரு ஜன்னல் வழியா குச்சில குத்தின கோழியும் சுட்ட வாழைப்பழமும் மூஞ்சில இடிக்கிற மாதிரி நீட்டினாங்க. கோழி 10,000 ஷில்லிங். காரமே இல்ல, உப்பும் புகையும்தான், ஆனா தம்பி ரெண்டு குச்சி காலி பண்ணிட்டான். வாழைப்பழத்துக்கு தனியா ஒரு கும்பிடு.

வேலை முடிய எட்டு மணி. சிட்டில ஒரு கெஸ்ட் ஹவுஸ், பேர் வேண்டாம், ஆபீஸ்லயே போன்ல பேசி வச்ச ரூம். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நல்லா சிரிச்சு வரவேத்துச்சு, பாஸ்போர்ட் வாங்கி எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துட்டு உள்ள போச்சு, மேனேஜர் வந்தார். ரூம்ல ஒரே பெட்டாம், பெரிய பெட். ரெண்டு ஆம்பளைங்களுக்கு அது குடுக்க முடியாதாம்.

எனக்கு முதல்ல புரியல. பெட் சின்னதுன்னு சொல்றார் போலன்னு, பரவால்லீங்க தம்பி கீழ படுத்துப்பான்னு சொன்னேன். அவர் இன்னும் நெளியறார். தம்பிதான் முழங்கையால இடிச்சு "ண்ணா, அது இல்லண்ணா"ன்னான். அப்புறம் உறைச்சது பாருங்க. நம்மூர்ல லாட்ஜ்ல கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் இல்லம்பான், ஆம்பளைங்கன்னா நாலு பேரையும் சேத்து ஒரே ரூம்ல அடைப்பான். இங்க தலைகீழ்.

கோவமா எதுவும் இல்ல, மனுஷன் கைய பிசையறார், சாரி சாரிங்கறார், தண்ணி பாட்டில் எடுத்து குடுக்குறார். சட்டத்துல, இடம் குடுக்கறவனுக்கும் 10 வருஷம் ஜெயில் இருக்கு, பக்கத்து ஊர்ல ஒரு லாட்ஜ்காரன போலீஸ் வந்து மெரட்டி காசு வாங்கிட்டுப் போச்சு, எனக்கு மூணு புள்ளைங்கன்னார். நான் முந்தின நாள் ராத்திரி படிச்ச பவுசுல, அந்தப் பிரிவ ஏப்ரல் 3ம் தேதி அரசியல் சாசனக் கோர்ட்டு எடுத்துட்டாங்களே சார்னேன். உண்மைதான், மொத்த சட்டமும் செல்லும்னு தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டு, வீடு, இடம் குடுக்கறது குத்தம், போலீசுக்கு சொல்லாம இருக்கறது குத்தம்னு இருந்த சிலத மட்டும் வெட்டிடுச்சு. மேனேஜர் என்ன ஒரு பார்வை பாத்தார். "கோர்ட்டு கம்பாலால இருக்கு. போலீஸ் ஸ்டேஷன் இந்த தெரு முனைல இருக்கு."

ரெண்டு ரூம் எடுத்தோம். தலா 80,000 ஷில்லிங். கொசுவலை ஓட்டை.

ஜூன் 2, ஞாயிறு, திரும்பக் கம்பாலா

காலைல ஜிஞ்சால நைல் ஆரம்பிக்கிற இடத்துக்குப் போனோம், அங்க காந்தி சிலை ஒண்ணு நிக்குது, அஸ்தில கொஞ்சம் 1948ல இங்கயும் கரைச்சிருக்காங்க. பாத்தோம், கும்பிட்டோம், கிளம்பினோம்.

செபோ ஞாயித்துக்கிழமைல சர்ச் விட மாட்டாராம், எங்களையும் அவர் சர்ச்சுக்கு இழுத்துட்டுப் போனார். தகரக் கொட்டாய், சாதா ஆங்கிலிகன் சர்ச். முழுசா ரெண்டரை மணி நேரம். பாட்டு மட்டும் பிரமாதம், எந்த மைக்செட்டும் இல்லாம அந்தப் பொம்பளைங்க பாடினப்போ தகரம் அதிர்ந்துச்சு. பிரசங்கம் நாளைக்கு வர்ற தியாகிகளப் பத்தி, ராஜா தன் ஆசைக்கு வரச்சொல்லி கெட்டது செய்யச் சொன்னப்போ அரண்மனைப் பயலுங்க முடியாதுன்னாங்க, இன்னிக்கு டாலர்காரன் கெட்டது செய்யச் சொல்றான் நாம முடியாதுன்னு சொல்லணும்னார் போதகர். இந்த சட்டத்துக்காக வேர்ல்டு பேங்க் 2023 ஆகஸ்ட்ல புது கடன் கிடையாதுன்னுடுச்சு, அத சொல்றார். ஜனம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. அந்த இடத்துலதான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. வெளிய இருந்து அமெரிக்க பாஸ்டர் வந்து கெடுத்துட்டான்னு எழுதற கட்டுரைங்கள நானும் படிச்சேன், அது பாதிதான் சரி. அவன் வெறும் தீக்குச்சி, இங்க ஒரு கோயில் கதையே தயாரா இருந்துச்சு. இந்த சட்டத்த எதிர்த்தா தியாகிகளக் காட்டிக்குடுத்த மாதிரின்னு நெனைக்கிற ஒரு சனத்துகிட்ட லைவ்லி வந்து சேந்தான்.

மத்தியானம் செபோவோட அக்கா வீட்ல விருந்து. அந்தம்மா எங்களப் பாத்ததும் மண்டி போட்டு வணக்கம் சொன்னாங்க, புகாண்டால, அதாவது கம்பாலா இருக்கற பழைய ராஜ்ஜியத்துல, பொம்பளைங்க அப்படித்தான் வரவேற்பாங்களாம், எனக்கு கூச்சமாப் போச்சு, அறுபது வயசு இருக்கும், நான் எந்திரிச்சே நின்னுட்டேன். வாழை இலைல கட்டி ஆவில வேகவச்ச கோழி, லுவொம்போ, இலைய பிரிச்சதும் வந்த வாசனைக்கு பசி ரெட்டிப்பாச்சு. மட்டோக்கேன்னு பச்ச வாழைக்காய வேகவச்சு மசிச்சது, அதுமேல வேர்க்கடலை குழம்பு. எங்க பாட்டி பாத்திருந்தா தாளிக்கல, கடுகு போடலன்னு சொல்லிட்டே நாலு கரண்டி வாங்கி இருக்கும்.

பேச்சு தானா அங்க போச்சு. அக்கா சொன்னாங்க, கொல்லக் கூடாது, அது கடவுள் வேலை, ஜெயில்ல போடட்டும். (அவங்க ஆர்ச்பிஷப் கஸிம்பா சொன்னதும் அச்சு அசல் இதே, தூக்கு வேண்டாம் ஆயுள் போதும்னு.) பக்கத்து வீட்டம்மா கத்தோலிக்கம், அவங்ககிட்ட, உங்க போப் பிரான்சிஸ் 2023 ஜனவரிலயே இது குத்தம் இல்லன்னு பேட்டி குடுத்தாரேன்னு மெதுவா கேட்டேன். "போப் நல்லவர். ஆனா போப்புக்கு புள்ளைங்க கிடையாது"ன்னாங்க. சிரிக்கவா வேண்டாமான்னு தெரியல. 2009ல மசோதா வந்தப்போ கம்பாலா கத்தோலிக்க ஆர்ச்பிஷப் சிப்ரியன் லுவாங்காவே இது தேவையில்லன்னு சொன்னவர்தான்.

அக்கா மக நர்ஸ். அது மட்டும் வாயே தெறக்கல. கை கழுவ தண்ணி ஊத்தும்போது என்கிட்ட மட்டும் சொல்லுச்சு, அவங்க கிளினிக்ல எச்.ஐ.வி மாத்திரை வாங்க வந்துட்டு இருந்தவங்கள்ல சில பேரு சட்டம் வந்ததுல இருந்து வர்றதில்லையாம். "அவங்க எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு சொல்லாதீங்க."

கிளம்பும்போது அக்கா ஒரு தார் வாழைக்காய வண்டில ஏத்திட்டாங்க. ஹோட்டல் ரூம்ல வாழைத்தார வச்சுட்டு நாங்க என்ன பண்றது.

ஜூன் 3, திங்கள், நமுகோங்கோ

விடிகாலை நாலு மணிக்கு கிளம்பியும் ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே வண்டிய நிறுத்திட்டு நடை. கூட்டம்னா கூட்டம், லட்சக்கணக்குல. ராத்திரி பேஞ்ச மழைல சேறு. ஒரு இடத்துல என் செருப்பு வார் அறுந்துடுச்சு, வெறுங்காலோட நடந்தேன், பக்கத்துல வந்த பெரியவர் ஒருத்தர், அவரே தாண்டி தாண்டி நடக்குறார், தன் ரப்பர் செருப்ப கழட்டி நீட்டினார், வாங்கல, மனசு கேக்கல.

கத்தோலிக்க பசிலிகா கூம்பு மாதிரி, பாக்க ராக்கெட் கணக்கா இருக்கு, 22 தூண், ஒரு தியாகிக்கு ஒண்ணு. ஏரிக்கு நடுவுல பலிபீடம். அந்தத் தண்ணிக்கு நோய் தீக்கற சக்தின்னு எல்லாரும் கேன்ல மொண்டுக்கிறாங்க. ஜெபமாலை 5000 சொன்னாங்க, 3000க்கு குடுத்தாங்க.

ஆங்கிலிகன் இடம் கொஞ்ச தூரத்துல. அங்க மியூசியத்துல சிலைங்க. நாணல் பாயில உயிரோட சுருட்டிக் கட்டின பையனுங்க, விறகு அடுக்கு, தீ மூட்டறவன் மூஞ்சில முறுக்கேறின நரம்பு. பாயோட ஒரு முனைல பாதம் மட்டும் வெளிய தெரியுது, சின்னப் பையன் பாதம். கிசிட்டோவுக்கு 14 வயசுதான்.

கதை இதுதான். புகாண்டா ராஜா ரெண்டாம் முவாங்கா, அரியணை ஏறும்போது அவனுக்கே பதினாறு வயசு. அரண்மனை வேலைக்கார பையன்கள ஆசைக்குக் கூப்பிட்டான், கிறிஸ்தவங்களா மாறின பசங்க மறுத்தாங்க, தலைவன் சார்ல்ஸ் லுவாங்கா சின்னவங்கள மறைச்சு வச்சு காப்பாத்தினான். அவங்கள்ல நெறைய பேர 1886 ஜூன் 3ல எரிச்சாங்க. 1885ல இருந்து 1887 வரைக்கும் கொன்னது மொத்தம் 45 பேரு, 22 கத்தோலிக்கம், 23 ஆங்கிலிகன். 1964ல கத்தோலிக்கத் தியாகிங்க 22 பேருக்கும் ரோம்ல புனிதர் பட்டம். வரலாறு எழுதறவங்க, ராஜா பயந்தது வெள்ளக்காரனுக்கு, அரண்மனைக்குள்ளயே தன் பேச்ச விட மிஷனரி பேச்ச கேக்கற கூட்டம் வந்துடுச்சேன்னுதான்னு சொல்றாங்க. ரெண்டும் இருக்கலாம். நமுகோங்கோல ஒரு காரணம்தான் சொல்றாங்க.

வழிகாட்டி பையன்கிட்ட, அப்போ இது இங்க அப்பவே இருந்துருக்குல்லன்னேன். டக்குனு சொன்னான், இல்ல, அத ராஜாவுக்கு அரபு வியாபாரிங்க கத்துக் குடுத்தாங்க. அப்போ அரபுக்காரன், இப்போ அமெரிக்காகாரன். சட்டமும் வெளிய இருந்து வந்ததுதானே தம்பின்னு சொல்லிப் பாத்தேன். பீனல் கோடு 145ம் பிரிவு, இயற்கைக்கு விரோதமான உறவு, வெள்ளக்காரன் எழுதினது, நம்ம ஊர் 377ம் பிரிவுக்கு சித்தப்பா மகன், இந்தியன் பீனல் கோடே கொஞ்ச காலம் இந்தப் பக்கம் எல்லாம் ஓடியிருக்கு. பையன் மரியாதையா தலையாட்டிட்டு அடுத்த குரூப்புக்குப் போயிட்டான். ஒரு விஷயத்துல எனக்கு கோவம் வந்தது உண்மைதான், அந்தப் பசங்கள ஒருத்தன் அதிகாரத்த வச்சு கட்டாயப்படுத்தினான், அது கொடுமை. அதுக்கும், ரெண்டு பேரு மனசொப்பி ஒண்ணா இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த சிலைங்க முன்னாடி நின்னு அத பிரிச்சுச் சொல்ல ஒருத்தரும் இல்ல.

ஜூன் 4, செவ்வாய், கசுபி

கடைசி நாள். கசுபி ராஜாக்கள் சமாதி, புல் வேஞ்ச பெரிய குடிசை, 2010ல எரிஞ்சு போய் திரும்பக் கட்டினது, 2023லதான் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. செருப்ப வெளிய விடணும். நாலு கபாகாக்கள், அதாவது புகாண்டா ராஜாக்கள், இங்க. அதுல ஒருத்தர் முவாங்கா.

ஆமா, அதே முவாங்கா. இங்க அவர் வில்லன் இல்ல. 1897ல வெள்ளக்காரனுக்கு எதிரா சண்டை போட்டவர், பிடிச்சு செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்திட்டாங்க, அங்கயே ஞானஸ்நானம் வாங்கி 1903ல செத்தார், அப்புறம் உடம்ப கொண்டு வந்து இங்க வச்சாங்க. கைடு அம்மா அவர் பேர சொல்லும்போது குரல் எறங்குது. நமுகோங்கோ கதையப் பத்தி கேட்டேன். "அது அவங்க கதை"ன்னு முடிச்சுட்டாங்க.

எண்டெபே போற வழில மழை, ட்ராஃபிக், வண்டி நகரல. தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம். இந்த ஊரு இன்னும் மாறலண்ணான்னான். மாறலயா, நம்ம ஊர்ல 2009ல டெல்லி ஹைகோர்ட்டு 377ஐ தளர்த்தினப்போ சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினது யாருன்னு தெரியுமாடா, ஒரு ஜோசியர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், சர்ச் கூட்டமைப்பு, எல்லாம் ஒரே வரிசைல, அங்கயும் குன்றுங்க சேந்துச்சுன்னேன். 2013ல ஜெயிச்சாங்க, 2018ல தோத்தாங்க.

செபோ தமிழ் புரியாட்டியும் 377ங்கற நம்பர் காதுல விழுந்துருக்கு, என்னன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் வைப்பர் ஓடறத பாத்துட்டு, "உங்க ஜட்ஜுங்க மாத்தினதுக்கு அப்புறம் உங்க ஊர்ல மழை நின்னுடுச்சா?"ன்னார். இல்ல செபோ, பேயுது, எப்பவும் போல சென்னை மட்டும் மூழ்குதுன்னேன். வயிறு குலுங்க சிரிச்சார். அப்புறம் இங்கயும் அடுத்து சுப்ரீம் கோர்ட்டுதான், அது முடியறதுக்குள்ள எனக்குக் கொள்ளுப் பேரன் பொறந்துடுவான்னு சொல்லிட்டு, ரேடியோல பாஸ்டர மாத்தி ட்ராஃபிக் நியூஸ் வச்சார். எண்டெபே ரோட்டுல ஆக்சிடெண்டாம், இன்னும் ஒரு மணி நேரம்.